ஒரே மாதிரி மூன்று அறைகள்

பின்னறைக் கணினியின் அம்புக்குறி திரையின் இடது மேல் மூலையில் நின்றிருந்தது.

குமுதா அதைத் திரையின் நடுவில் விட்டுவிட்டுத்தான் தேநீர் போடப் போயிருந்தாள். எழுத்தின் அளவை மாற்றும் பெட்டி அப்போது திறந்திருந்தது. அம்புக்குறி அதன்மேல் இருந்தது. திரும்பி வந்தபோது பெட்டி மூடிக்கிடந்தது. அம்புக்குறியின் நுனி மூலையைத் தொட்டுக்கொண்டிருந்தது.

எழுந்து போகும்போது அம்புக்குறியை அந்த மூலையில் கொண்டுபோய் நிறுத்துவது அண்ணன் தீபனின் பழக்கம். மோட்டார் சைக்கிளை நிறுத்திச் சாவியை உருவிக்கொள்வதுபோலச் செய்வான். ஆனால் தீபன் கூடத்தில், தன்னுடைய கணினியின் முன்னால் உட்கார்ந்திருந்தான். கூடத்திலிருந்து பின்னறைக்குச் சமையலறையைத் தாண்டித்தான் வரவேண்டும். அவள் சமையலறையை விட்டு நகரவே இல்லை.

சனிக்கிழமை, பிற்பகல் மூன்று மணி. வெளியே மழைக்கு முந்திய புழுக்கம். தேநீர்க் குவளையைக் கையில் வைத்துக்கொண்டே அவள் கொஞ்ச நேரம் திரையைப் பார்த்தாள். பிறகு, தானே நகர்த்தியிருக்கலாம் என்று முடிவுசெய்தாள். நான்கு நாளாகச் சரியான தூக்கம் இல்லை. திங்கட்கிழமைக்கு இன்னும் இரண்டு நாள்தான் இருந்தது.

மூன்று மாதத்துக்கு முன்னால் தீபன் ஈப்போவில் வேலை முடித்துச் சுங்கை சிப்புட்டில் உள்ள வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தான். பழைய ரப்பர் தோட்டச் சாலையின் வளைவில் ஒரு லாரி அவனைத் தட்டிவிட்டுப் போனது. தலையில் அறுவை செய்தார்கள். பிழைத்து வீட்டுக்கு வந்தவன் நடந்தான், கொடுத்ததைச் சாப்பிட்டான், பேசவில்லை. யாரையும் அடையாளம் கண்டதாகவும் தெரியவில்லை. ஏதாவது மாறியிருந்தால் மட்டும் அவனுக்குத் தெரிந்தது. தண்ணீர்க் குவளை வேறு நிறத்தில் வந்தாலோ, நாட்காட்டியில் தாளைக் கிழித்தாலோ, திரைச்சீலை துவைக்கப் போயிருந்தாலோ அலறுவான். வலது கட்டைவிரலின் அடிச்சதையை வாயில் திணித்து ரத்தம் வரும்வரை கடிப்பான். அந்த இடம் ஆறவே இல்லை.

ஒன்று மட்டும் மிச்சம் இருந்தது. ஈப்போவில் கணினி பழுதுபார்க்கும் கடையில் பத்து வருடம் வேலை செய்தவன் அவன். சொந்தக் கணினியின் முன்னால் உட்காரவைத்தால் அவனுடைய கைகள் மட்டும் பழைய தீபனாகிவிடும். கோப்பைத் திறக்கும், பெயர் மாற்றும், அடுக்கும். முகம் வெறுமையாக இருக்க, விரல்கள் ஓடும்.

அப்பா ஐயாவு தஞ்சோங் மாலிமிலிருந்து புதுக் கார்களை ஏற்றிக்கொண்டு வடக்கே லாரி ஓட்டுகிறவர். மாதத்துக்கு இரண்டு நாள் வீட்டில் இருப்பார். அம்மா இறந்து ஆறு வருடம் ஆகிறது. ஈப்போவில் நீர் பரிசோதிக்கும் ஆய்வகத்தில் குமுதாவுக்கு வேலை. அவளுடைய விடுப்பு அடுத்த வாரம் முடிகிறது. பார்த்துக்கொள்ள ஆள் இல்லாதவர்களை வைத்துக்கொள்ளும் இல்லம் ஒன்றின் தாளில் அப்பா போன மாதமே கையெழுத்துப் போட்டுவிட்டார். போட்டுவிட்டு வெளியே போய் லாரிக்குள் தனியாக உட்கார்ந்திருந்தார். அந்த இல்லத்தை அவள் ஒரு தடவை போய்ப் பார்த்திருக்கிறாள். கட்டில்கள் இரண்டு வரிசையாகக் கிடந்தன. கம்பி ஜன்னல்கள். ஒரு மனிதர் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். அவள் போனபோதும் அப்படித்தான் இருந்தார், கிளம்பும்போதும் அப்படித்தான் இருந்தார்.

அதைத் தடுக்க ஒரே வழிதான் இருந்தது. ஈப்போவில் ஒரு மறுவாழ்வு மையம், விபத்தில் அடிபட்டவர்களுக்குப் பகலில் கணினி வேலை கொடுத்துப் பார்த்துக்கொள்கிறது. அங்கிருந்து ரோஷினி என்ற அதிகாரி வந்து தீபனின் கைகளைப் பார்த்தாள், ஆச்சரியப்பட்டாள். ஆனால் மையத்தின் கணினி வேறு.

“எங்க மெஷின்ல மூணே வேலை செஞ்சு காட்டட்டும், நான் எழுதிக் குடுத்துடுவேன். இல்லன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது லா, குமுதா.”

ஆறு வாரம் கழித்து ஒரு திங்கட்கிழமை வந்து பார்ப்பதாகச் சொல்லி, பழகட்டும் என்று மையத்தின் கணினி ஒன்றையும் இரவலாக விட்டுப்போனாள். அதன்முன் உட்காரவைத்த முதல் நாளே தீபன் விசைப்பலகையைப் பிடுங்கி எறிந்தான்.

அதனால் குமுதா படிக்கட்டு கட்டினாள். கூடத்தில் தீபனுடைய சொந்தக் கணினி. நடு அறையில் அவளுடைய பழைய மடிக்கணினி. சமையலறைக்குப் பின்னால், சாமான் போட்டுவைத்திருந்த அறையில், மையத்தின் கணினி. மூன்றிலும் ஓடியது லினக்ஸ்தான். ஆனால் லினக்ஸின் மேல் போர்த்தும் முகம் வேறு வேறு. தீபனுடையதில் கே.டி.இ. மடிக்கணினிக்கு அந்தக் கனத்தைத் தாங்க வலு இல்லை, அதில் எக்ஸ்.எஃப்.சி.இ. மையத்துக் கணினியில் க்னோம். அதை மாற்ற அனுமதி இல்லை, உள்ளே இருக்கிற அமைப்புகளைத் திருத்திக்கொள்ள மட்டும் அனுமதி. மூன்று முகத்தையும் ஒரே முகமாக்க வேண்டும். அண்ணன் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு, தான் நகர்ந்ததே தெரியாமல் நகரவேண்டும்.

பார்வைக்கு ஒரே மாதிரி ஆக்குவது சுலபமாக இருந்தது. பட்டை கீழே, மெனு இடது ஓரத்தில், சன்னலை மூடும் பொத்தான் தீபனுக்குப் பிடித்த மாதிரி இடப்பக்கம், அதே பச்சைப் பின்னணி, அதே ஐகான்கள், அதே எழுத்துரு. இரண்டு நாளில் முடிந்தது. கைக்கு ஒரே மாதிரி ஆக்குவதுதான் உயிரை எடுத்தது. ஒன்றில் மெனு சட்டென்று விழும், இன்னொன்றில் இமைக்கும் நேரம் தயங்கும். ஒன்றில் பக்கம் வழுக்கிக்கொண்டு ஓடும், இன்னொன்றில் படிப்படியாக இறங்கும். கண்ணுக்கு அது தெரியாது. தீபனின் விரலுக்குத் தெரிந்தது. விரல் நின்றுவிடும், கட்டைவிரல் வாய்க்குப் போகும். அவள் அந்தத் தயக்கங்களை ஒவ்வொன்றாகத் தேடிக் கொன்றாள். ஒரு கணினியில் எதை மாற்றினாலும் மற்ற இரண்டும் ஐந்து நிமிடத்துக்குள் தாமாக அதேபோல் மாறிக்கொள்ள ஒரு சின்ன நிரல் எழுதினாள்.

பிறகு அறைகள். திரை மட்டும் ஒரே மாதிரி இருந்தால் போதவில்லை. ஒரே மேசைவிரிப்பு, ஒரே நாற்காலி, இடப்பக்கம் ஒரே மாதிரி மின்விசிறி, ஒரே தேதியில் நின்ற மூன்று நாட்காட்டிகள். சில சமயம் அவளே ஒரு கணம் எந்த அறையில் நிற்கிறோம் என்று தடுமாறுவாள். அதில் அவளுக்குச் சந்தோஷம்தான்.

அப்படியும் தீபன் பின்னறையில் பத்து நிமிடத்துக்குமேல் இருக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை, பக்கத்து வீட்டு மாரியம்மா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று அவள் அழுததைப் பார்த்துவிட்டாள். மாரியம்மா அந்தப் பழைய தோட்டத்தில் பிறந்து, பால் வெட்டி, தோட்டத்தை விற்றபோது வெளியே வந்தவள். இப்போது எண்ணெய் எடுக்கும் செம்பனையின் நாற்றுப் பண்ணையில் வேலை.

“ஒடம்ப மட்டும் கொண்டு வந்துட்டீங்க குமு. ஆளு இன்னும் அந்த வளைவுலதான் நிக்கிறான். தோட்டத்துல யாரு விழுந்தாலும் போய் கூப்பிட்டு வருவோம். அவன் போட்ட சட்டை ஒண்ண எடுத்துட்டு போ. விழுந்த எடத்துல நின்னு பேர சொல்லி கூப்பிடு. சட்டைய நெஞ்சோட வச்சிக்கிட்டு வந்துரு. திரும்பி பாக்காத. யாருகிட்டயும் பேசாம வீட்டுக்குள்ள கொண்டு போய் மாட்டிரு. அவனே வந்து போட்டுக்குவான்.”

குமுதா வேதியியல் படித்தவள். சிரிக்கத் தோன்றவில்லை, நம்பவும் தோன்றவில்லை. ஆனால் மறுநாள் மதியம் அவள் தீபனின் அலமாரியைத் திறந்தாள். கடைச் சீருடையாகக் கொடுத்த கறுப்புச் சட்டைகள் அடுக்கி இருந்தன, எல்லாம் ஒன்றுபோல. ஒன்றை எடுத்தாள். பிறகு இன்னும் இரண்டை எடுத்தாள். அவளுடைய ஆய்வகத்தில் ஓர் ஆற்றிலிருந்து ஒரு குப்பி நீரை மட்டும் எடுத்துவரும் வழக்கம் இல்லை. மூன்று குப்பி எடுப்பார்கள். ஒன்று கெட்டுப்போனாலும் மற்றது இருக்கும். வீட்டில் அறையும் மூன்று. அறைக்கு ஒன்று.

தீபனிடம் மாரியம்மாவை உட்காரவைத்துவிட்டு அவள் மோட்டாரில் போனாள். வளைவில் வானம் கன்றிப்போய்க் கிடந்தது. சாலையின் ஒரு பக்கம் செம்பனை. மறுபக்கம் யாரும் பால் வெட்டாமல் விட்ட ரப்பர் மரங்கள், பழைய தழும்புகளோடு, கம்பியில் இன்னும் பால் பிடிக்கும் மங்குகள் தொங்க, மங்குகளில் மழைநீரும் அதில் துள்ளும் கொசுப்புழுக்களும். பால் எடுத்துப் பல வருடமான அந்த இடத்தில், அன்றைக்கு இறங்கியதுபோல, உறைந்த கட்டிப்பாலின் புளித்த நாற்றம் அடித்தது. அவள் கூச்சத்தோடு இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டு, முதல் சட்டையை நெஞ்சோடு அணைத்துக் கூப்பிட்டாள்.

“தீபன் அண்ணே, வா, வீட்டுக்குப் போலாம்.”

இரண்டாவது சட்டைக்கு ஒரு தடவை. மூன்றாவது சட்டைக்கு ஒரு தடவை. மூன்றாவது முறை கூப்பிட்டபோது மரங்களுக்குள் சில்வண்டுகள் எல்லாம் ஒன்றாக நின்றன.

திரும்பிப் பார்க்காமல் வண்டியில் ஏறினாள். ஆள் ஏறி உட்காரும்போது பின்சக்கரம் இறங்குமே, அப்படி இறங்கியது. பிறகு இன்னொரு தடவை இறங்கியது. பிறகு இன்னொரு தடவை. சாலை மோசம் என்று சொல்லிக்கொண்டே அவள் வீடுவரை இரண்டாவது கியரில் வந்தாள்.

மழை கொட்ட ஆரம்பித்திருந்தது. யாரிடமும் பேசக்கூடாது என்பதால் பின்சந்து வழியாகப் பின்கதவைத் திறந்துகொண்டு போய், பின்னறை ஆணியில் ஒரு சட்டையை மாட்டினாள். நடு அறையில் ஒன்றை மாட்டினாள். கூடத்துக்கு வந்தபோது வாசல் கேட் திறந்து கிடந்தது. மாரியம்மா தன் வீட்டுக் கொடியில் துணிகளை அள்ளிக்கொண்டிருந்தாள். தீபன் வெளியே போய்விட்டானா என்று குமுதா பதறினாள். ஆனால் மூன்றாவது சட்டையை ஆணியில் மாட்டிவிட்டுத் திரும்பினால், தீபன் நாற்காலியில் இருந்தான். திரையைப் பார்த்தபடி இருந்தான். சற்று முன்பு அந்த நாற்காலி காலியாக இருந்ததுபோல அவளுக்குத் தோன்றியது. பதற்றத்தில் அப்படித்தான் தோன்றும்.

கேட்டைப் பூட்டினாள்.

வியாழக்கிழமை காலை தீபன் “குமு” என்றான்.

மூன்று மாதத்தில் முதல் சொல். அவள் சமையலறைத் தரையில் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அதன் பிறகு எல்லாம் நடந்தது. கூடத்தில் விட்டுவிட்டுப் போனால், கொஞ்ச நேரத்தில் நடு அறையில் உட்கார்ந்து கோப்பு அடுக்கிக்கொண்டிருந்தான். துணி உலர்த்திவிட்டு வந்தால் பின்னறையில் இருந்தான். மையத்துக் கணினியில் அவன் விரல்கள் தயங்கவே இல்லை. நாட்காட்டியைப் பார்த்து அலறவில்லை. கட்டைவிரலைக் கடிக்கவில்லை. ஒருநாள் விட்டு ஒருநாள் அவள்தான் அவனுக்கு முகம் மழித்துவிடுவாள். அதற்கும் இப்போது அவசியம் வரவில்லை, கன்னம் வழவழவென்றே இருந்தது. தலைமுடியில் மட்டும் லேசாகப் புளித்த வாடை. எத்தனை சோப்புப் போட்டும் போகவில்லை.

அவன் ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்கு நடப்பதை மட்டும் அவள் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.

சனிக்கிழமை அம்புக்குறியைப் பார்த்த பிறகு, அவள் நடு அறைக்குப் போய் மடிக்கணினியைப் பார்த்தாள். அங்கேயும் அம்புக்குறி மூலையில் நின்றது. நிரல்தான் காரணம் என்று நினைத்து, அது தானாக ஓடுவதை நிறுத்தினாள். அன்று மாலை மின்விசிறியை அணைத்துவிட்டுச் சமையலறையில் நின்றபோது, விசைப்பலகை தட்டும் ஓசை கூடத்திலிருந்து கேட்டது. டக், டக்டக், டக். அதே நேரத்தில் அதே ஓசை பின்னறையிலிருந்தும் கேட்டது. எதிரொலி என்றால் சற்றுப் பிந்தி வரவேண்டும். இது பிந்தவில்லை. அவள் பின்னறைக்குப் போனாள். நாற்காலி காலியாக இருந்தது. உட்காரும் இடத்தைத் தொட்டுப் பார்த்தாள். சூடாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை வேலி ஓரம் மாரியம்மாவைப் பார்த்து நன்றி சொன்னாள். மாரியம்மாவுக்கு வாயெல்லாம் பல். நான் சொன்னேன்ல என்று பெருமையாக ஆரம்பித்தவள், சட்டையைப் பற்றிக் கேட்டாள். மூன்று என்று குமுதா சொன்னாள். ஆற்று நீரையும் குப்பிகளையும் சொல்லிப் புன்னகைத்தாள்.

மாரியம்மா கையிலிருந்த துணியைக் கொடியிலேயே போட்டாள்.

“அவன் ஒரு ஆளுதானே குமு.”

குமுதா வேலியை இன்னும் நெருங்கினாள்.

“காலி சட்டைக்கும் ஆளு வரும். அந்த தோட்டத்துல கூப்பிட்டா வர்றதுக்கு ஆளா இல்ல?” குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “சட்டை இன்னும் ஆணியிலதான் தொங்குதா? போய் பாரு.”

ஓடிப்போய்ப் பார்த்தாள். மூன்றும் தொங்கின. அவளுக்கு மூச்சு வந்தது. சட்டைகளை எடுத்து எரித்துவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். பிறகு கூடத்தில் விரல்கள் ஓடும் ஓசையைக் கேட்டாள். நாளைக்கு ஒருநாள். நான்கு மணிக்கு ரோஷினி வருவாள். அதுவரை எதையும் மாற்றக்கூடாது. எரிப்பதை அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

திங்கட்கிழமை மூன்றரைக்கே இருட்டிவிட்டது. ரோஷினி வருவாள் என்று வாசல் கேட்டின் பூட்டை எடுத்துவைத்திருந்தாள். மேற்கே மலைகளை மறைத்துக்கொண்டு வந்த மழை, தகரக் கூரையில் கல்லைக் கொட்டியதுபோல இறங்கியது. கூடத்தில் தீபன் உட்கார்ந்திருந்தான். புதுச் சட்டை போட்டுவிடலாம் என்று அவள் அருகில் போனாள். அவன் ஏற்கெனவே கறுப்புச் சட்டையில் இருந்தான். ஆணியைப் பார்த்தாள். காலி.

அவனே வந்து போட்டுக்குவான் என்று மாரியம்மா சொன்னது நினைவுக்கு வந்தது. நல்லதுதான். நல்லதுதானே.

ரோஷினி கேட்பாள் என்று அவனுடைய அடையாள அட்டையை எடுக்க நடு அறைக்குப் போனாள். மேசை இழுப்பறையை நோக்கிக் கையை நீட்டியவள், நீட்டியபடியே நின்றாள்.

நாற்காலியில் தீபன் இருந்தான்.

கறுப்புச் சட்டை. காதுக்கு மேல் அறுவைத் தழும்பு. திரையின் வெளிச்சம் முகத்தில். விரல்கள் ஓடிக்கொண்டிருந்தன. டக், டக்டக், டக்.

அவள் திரும்பிக் கூடத்தைப் பார்த்தாள். கதவின் வழியாக அவனுடைய முதுகு தெரிந்தது. டக், டக்டக், டக்.

பின்னறைக்குப் போகவேண்டாம் என்று கால்கள் சொன்னன. போனாள். சமையலறைத் தரை ஈரமாக இருந்தது. கட்டிப்பால் நாற்றம். பின்னறைக் கதவு திறந்திருந்தது.

அங்கேயும் இருந்தான்.

ஆணி காலி.

இவர்களில் ஒருவன் அண்ணன். ஒரே ஒருவன். இன்னும் இருபது நிமிடத்தில் ரோஷினி வந்து ஒருவனைக் கூட்டிப்போவாள், அல்லது ஒருவனை விட்டுப்போவாள். எவனை? அவள் பின்னறையில் இருந்தவனின் தோளைத் தொட்டாள். சூடு இருந்தது. அவன் நிமிர்ந்து பார்த்து “குமு” என்றான். நடு அறையில் இருந்தவனும் “குமு” என்றான். கூடத்தில் இருந்தவனும் சொன்னான். யாரும் முந்தவில்லை. யாரும் பிந்தவில்லை.

அந்தத் தயக்கத்தைத்தான் அவள் ஆறு வாரமாகத் தேடித் தேடிக் கொன்றிருந்தாள். இப்போது அதில் ஒரு துளி கிடைத்தால் போதும். ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு போதும்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அண்ணனுக்கு மாற்றம் பொறுக்காது. அது ஒன்றுதான் அவனுடையது. அதை எந்தச் சட்டையும் போட்டுக்கொள்ள முடியாது.

சமையலறைச் சுவரில் சாய்ந்துகொண்டு கைபேசியை எடுத்தாள். நிறுத்திவைத்த நிரலைத் திறந்து, இருந்ததையெல்லாம் தலைகீழாக எழுதினாள். பட்டை மேலே. மெனு வலது ஓரம். பச்சை போய்ச் சிவப்பு. எழுத்து இரண்டு மடங்கு. ஒரே கட்டளை, மூன்று கணினிக்கும்.

அழுத்தினாள்.

மூன்று அறைகளிலிருந்தும் சிவப்பு வெளிச்சம் சமையலறைக்குள் விழுந்தது.

அலறு. அலறு, அண்ணே. தயவுசெய்து அலறு.

விரல்கள் நின்றன. மூன்று இடத்திலும் நின்றன.

மழை.

டக், டக்டக், டக்.

தட்டும் ஓசை மறுபடி தொடங்கியது. தடுமாறாமல். புதிய இடத்தில், புதிய மெனுவில், எந்தத் தயக்கமும் இல்லாமல்.

மூன்றில் ஒன்றுகூட அண்ணன் இல்லை.

அலறல் அப்போதுதான் கேட்டது.

அது வீட்டுக்குள்ளிருந்து வரவில்லை. வாசல் பக்கம். அவள் கூடத்துக்கு ஓடினாள். நாற்காலியில் இருந்தவனைத் தாண்டி ஓடினாள். வாசல் ஜன்னலின் கண்ணாடிப் பட்டைகளுக்கு அந்தப் பக்கம், இரும்புக் கிரில்லைப் பிடித்துக்கொண்டு ஒருவன் நின்றான். புதன்கிழமை கட்டியிருந்த அதே கட்டம்போட்ட கைலி. முழங்கால்வரை சேறு. கெண்டைக்காலில் அட்டை கடித்த ரத்தம். ஐந்து நாள் தாடி. சிவந்துபோன தன் திரையைப் பார்த்துக்கொண்டே, வலது கட்டைவிரலின் அடிச்சதையை வாயில் திணித்துக் கடித்தான்.

ஐந்து நாள். அவள் இங்கே ஒருவனுக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்த ஐந்து நாளும்.

அவன் கண்கள் திரையை விட்டு அவள்மேல் திரும்பின. கையை வாயிலிருந்து எடுத்தான். உதடு அசைந்தது.

“பல்லி.”

கல்யாண வீடுகளில் கூச்சப்பட்டுச் சுவரோடு ஒட்டி நிற்பாள் என்று சின்ன வயதில் அவன் வைத்த பெயர். அவன் மட்டும் கூப்பிடும் பெயர். குமு என்று கூப்பிடுவது அப்பா. மாரியம்மா. ஊரில் எல்லாரும். தீபன் ஒருநாளும் அவளைக் குமு என்று கூப்பிட்டதில்லை. வியாழக்கிழமை சமையலறைத் தரையில் உட்கார்ந்து அழுதபோது அது அவள் நினைவுக்கு வரவே இல்லை.

தாழ்ப்பாளைப் பிடித்தாள்.

“பல்லி,” என்றது அவளுக்குப் பின்னால் நாற்காலி.

“பல்லி.” நடு அறை.

“பல்லி.” சமையலறைக்கு அப்பால்.

பிறகு மூன்றும் சேர்ந்து, அண்ணனின் குரலில், அண்ணன் அவளைப் பத்திரமாக இரு என்று சொல்லும் அதே தொனியில்:

“கதவ தொறக்காத.”

நாற்காலிகள் நகர்ந்தன. அவள் திரும்பவில்லை. தாழ்ப்பாளை இழுத்தாள், பூட்டைத் திறந்தாள், மழைக்குள் கையை நீட்டி அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். எலும்பு. நடுக்கம். சேறும் ரத்தமும் வழுக்கின. உள்ளே இழுத்தாள். அவன் வாசற்படியைத் தாண்டினான். வானம் தலைக்குமேல் வெடித்தது. விளக்கும் திரைகளும் ஒன்றாக அணைந்தன. இருட்டில் அவன் திமிறினான். இடம் மாறியிருந்தது அவனுக்கு. பிடி வழுக்கியது.

ஒரு கணம். இரண்டு கணம். ஈரக் கால்கள் தரையில் இழுபடும் ஓசை, அவளைச் சுற்றிலும்.

விளக்கு வந்தது.

கூடத்தில் நான்கு பேர் நின்றார்கள். நால்வருக்கும் முழங்கால்வரை சேறு. நால்வருக்கும் ஐந்து நாள் தாடி. நால்வர் இடுப்பிலும் கட்டம்போட்ட கைலி. நால்வர் வாயிலும் வலது கட்டைவிரல்.

“அண்ணே,” என்றாள்.

நான்கு ஜோடிக் கண்களிலும் ஒரே மாதிரி கண்ணீர்.

வெளியே மையத்தின் வேன் வந்து நின்றது. கதவு இழுபடும் ஓசை. குடை விரியும் ஓசை. கேட்டருகில் நின்றுகொண்டு ரோஷினி உற்சாகமாகக் குரல் கொடுத்தாள்.

“தீபன், ரெடியா?”

நான்கு தலைகளும் ஒன்றாக வாசல் பக்கம் திரும்பின. யாரும் கடிப்பதை நிறுத்தவில்லை. நான்கு முழங்கையிலிருந்தும் ரத்தம் ஒரே நேரத்தில் தரையில் சொட்டியது. ஒரு சொட்டு. பிறகு, அதே இடைவெளி விட்டு, இன்னொரு சொட்டு.